3,640 முகவரிகளும் ஒரு மேக்ரோவும்: நான் பட்டது

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக டைப்பிங் வேலை செய்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். மனு, பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, மாணவர்களின் புராஜெக்ட் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுத்துவிடுவேன். 2022 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், டெக்ஸ்ட் எடிட்டரில் மேக்ரோ, அதாவது நாம் அழுத்தும் விசைகளைப் பதிந்து வைத்துத் திருப்பிச் செய்யும் வசதி, அதைப் பதிவு செய்து ஓட்டியதில் எனக்கு ஒரு பெரிய அடி விழுந்தது. பணம் போனது, பதினோரு நாள் போனது, ஒரு நல்ல வாடிக்கையாளரின் நம்பிக்கையும் கொஞ்ச நாள் போனது. மேக்ரோவை எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அது எந்த இடத்தில் சத்தமில்லாமல் தவறிப்போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காகத்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய ஆன்மிக மாத இதழின் அலுவலகம் இருக்கிறது. அதன் ஆசிரியர் வயதானவர், நல்ல மனிதர். அவர்களிடம் ஒரு பழைய மென்பொருளில் சந்தாதாரர் பட்டியல் இருந்தது. மொத்தம் 3,640 முகவரிகள். ராணிப்பேட்டையிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வரும் ஒரு தம்பி அதை யூனிகோடு டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பெயர் ஒரு வரி, கதவு எண்ணும் தெருவும் ஒரு வரி, ஊர் ஒரு வரி, வட்டம் ஒரு வரி, பின்கோடு ஒரு வரி, அப்புறம் ஒரு வெற்று வரி. இப்படியே அடுக்கடுக்காகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. இதை எக்ஸெல்லில் ஒரு ஆளுக்கு ஒரு வரிசை என்று மாற்றி, ஒரு தாளுக்கு 24 ஸ்டிக்கர் வரும் லேபிளில் அச்சடித்துத் தர வேண்டும். முகவரிக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி 5,460 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் கையாலேயே செய்தேன். வரியின் கடைசிக்குப் போய், டெலீட் அழுத்தி, கீழ் வரியை மேலே இழுத்து, நடுவில் டேப் வைக்க வேண்டும். ஒரு முகவரிக்கு இருபத்தைந்து நொடி ஆனது. மூன்று நாளில் இருநூறைத் தாண்டவில்லை. வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் ராத்திரி, நான் வேலை செய்துகொண்டிருந்த நோட்பேட்++ என்ற எடிட்டரின் மேலே இருக்கும் மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது 'மேக்ரோ' கண்ணில் பட்டது. அதுவரை ஒரு நாளும் தொட்டதில்லை. சிவப்பு வட்டத்தை அழுத்தினால் நாம் அழுத்தும் விசைகளை அது கேட்டு வைத்துக்கொள்கிறது. சதுரத்தை அழுத்தினால் நிறுத்துகிறது. முக்கோணத்தை அழுத்தினால் நாம் செய்ததை அப்படியே திருப்பிச் செய்கிறது. பெயர் வரியில் நின்று எண்ட், டெலீட், டேப் என்று நான்கு தடவை. ஐந்தும் ஒரே வரியாகிவிடும். பிறகு எண்ட், டெலீட் இன்னொரு தடவை, அது வெற்று வரியை எடுத்துவிடும். கடைசியில் கீழ் அம்பு, ஹோம். அடுத்த ஆளின் பெயரில் போய் நிற்கும். இதுதான் நான் பதிவு செய்த மேக்ரோ, மொத்தம் பதினாறு விசை.

முக்கோணத்தை அழுத்தினேன். அடுத்த முகவரி கண் இமைப்பதற்குள் ஒரே வரியாக மடிந்தது. இன்னொரு தடவை, இன்னொன்று மடிந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி என்று மூன்று விசையையும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலை நடக்கும் என்று தெரிந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அவ்வளவு சந்தோஷம். பத்து முகவரி பார்த்தேன், பத்தும் சரி. அதே மெனுவில் மேக்ரோவைப் பல தடவை ஓட்டுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதில் எத்தனை தடவை என்று எண் கொடுக்கலாம், இல்லையென்றால் கோப்பு முடியும் வரை ஓட்டு என்று சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். சில நொடிதான். மூவாயிரம் முகவரிக்கு மேல், என் மணிக்கட்டுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் வலியாக இருந்திருக்க வேண்டிய வேலை, முடிந்துவிட்டது. கண்ட்ரோல் எஸ் அடித்தேன். கோப்பை மூடினேன். மணி பன்னிரண்டரை இருக்கும். நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த கண்ட்ரோல் எஸ் நான் செய்த முதல் தப்பு. பென்டிரைவில் வந்த மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். மூடியதும் கண்ட்ரோல் இசட் போட்டுப் பின்னால் வரும் வழியும் போய்விட்டது. இன்றைக்கு என் மேஜைக்கு எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் 'மூலம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் ஒரு நகல் வைத்துவிட்டுத்தான் திறக்கிறேன். மேக்ரோ ஓட்டுவதற்கு முன் இன்னொரு நகல். பத்து நொடி வேலை. அன்றைக்கு அதைச் செய்திருந்தால் எனக்கு நான்கு நாள் மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் எக்ஸெல்லில் போட்டேன். 3,639 வரிசை வந்தது, ஒன்று குறைந்தது. கோப்பின் கடைசியில் ஏதாவது வெற்று வரி இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். முதல் மூன்று தாளையும் கடைசித் தாளையும் வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. 152 தாள் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே ஒட்டும் வேலைக்கு வரும் இரண்டு பெண்கள் கை பறக்கப் பறக்க ஒட்டுவார்கள், அவர்கள் முகவரியைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஜூன் இதழ் தபாலில் போனது.

எட்டாம் நாளே எங்கள் தெருத் தபால்காரர், அந்த இதழை நான் செய்து கொடுத்தேன் என்று தெரிந்தவர், வாசலில் சைக்கிளை நிறுத்தி, "இன்னாம்மா, பேரு ஒருத்தரு, ஊடு ஒருத்தருதா கீது?" என்று ஒரு இதழைக் காட்டினார். ஏதோ ஒன்றுதான் தவறியிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆசிரியர் போன் செய்தார். "அம்மா, கொஞ்சம் ஆபீஸ் வரை வந்துட்டுப் போங்க" என்றார். கோபமே இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது.

அவர் மேஜையில் திரும்பி வந்த இதழ்கள் கட்டுக் கட்டாக இருந்தன. மேலே இருந்த ஒன்றை எடுத்தேன். லேபிளில் பெயர் வர வேண்டிய தடித்த எழுத்தில் ஒரு கதவு எண்ணும் பஜார் தெருவும். அதன் கீழே வாணியம்பாடி, வாணியம்பாடி வட்டம், 635751. கடைசி வரியில் பின்கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் ஆரணியில் நெசவு செய்கிறவர் என்று ஆசிரியருக்குத் தெரியும், இருபது வருடச் சந்தாதாரர். அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. பத்து, பதினைந்து எடுத்துப் பார்த்தபோது கை நடுங்கியது. "இவ்வளவு பேருக்கும் நான் என்ன பதில் சொல்வேம்மா?" என்று மட்டும் கேட்டார். என்னால் எதுவும் பேச முடியவில்லை. வெளியே வந்து பஸ் ஏறாமல் கிரீன் சர்க்கிள் வரை நடந்தே வந்தேன். வீட்டில் யாரிடமும் இரண்டு நாள் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேக்ரோவின் தவறு எப்போதும் இந்த மாதிரிதான் வரும். எல்லா முகவரியும் ஐந்து வரி என்று நான் நினைத்திருந்தேன். முதல் பத்தும் அப்படி இருந்ததுதான் காரணம். ஆனால் 212ஆவது முகவரியில் வட்டம் என்ற வரி இல்லை. வேலூர் டவுனிலேயே இருப்பவர், வட்டம் தேவையில்லை என்று யாரோ விட்டிருக்கிறார்கள். ஆக நான்கு வரி. என் மேக்ரோவுக்கு அது தெரியாது. அது ஒரு தடவைக்கு ஆறு வரியை விழுங்கும்: ஐந்து வரி முகவரி, ஒரு வெற்று வரி. இங்கே நான்கு வரியையும் வெற்று வரியையும் விழுங்கிவிட்டு, ஆறாவதாக அடுத்த ஆளின் பெயரையும் இழுத்து இந்த வரிசையின் கடைசியில் ஒட்டிவிட்டது. அடுத்த தடவை அது தொடங்கியது பெயரில் இல்லை, தெருவில். தெரு, ஊர், வட்டம், பின்கோடு, அதற்கு அடுத்த ஆளின் பெயர். ஒருவர் வீட்டுக்குக் கீழே இன்னொருவர் பெயர். அதிலிருந்து வரிசையாக எல்லாம் ஒரு படி தள்ளியே போயின. எங்கேயும் நிற்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

அப்படியென்றால் கடைசித் தாள் எப்படிச் சரியாக இருந்தது? இதுதான் என்னை ஏமாற்றியது. சில முகவரிகளில் 'மேற்பார்வை' என்று இன்னொருவர் பெயரும் சேர்ந்து ஆறு வரி இருந்தன. நான்கு வரி முகவரி ஒரு படி முன்னால் தள்ளினால், ஆறு வரி முகவரி ஒரு படி பின்னால் இழுத்துவிடும். பின்னால் எண்ணிப் பார்த்தபோது நான்கு வரி 61, ஆறு வரி 55. வித்தியாசம் ஆறு. மேக்ரோ ஒரு தடவைக்கு விழுங்குவதும் ஆறு. அதனால் கடைசியில் எல்லாம் மறுபடி நேராகி நின்றது, மொத்தத்தில் ஒரே ஒரு வரிசை குறைந்தது. நான் அலட்சியமாக விட்ட அந்த ஒன்று. இந்தக் கோணல் முகவரிகள் எல்லாம் 212க்கும் ஏறக்குறைய 1,530க்கும் நடுவில்தான் இருந்தன, இதழ் தொடங்கிய காலத்தில் வேறு யாரோ உள்ளிட்டவை. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஒரே அச்சு. மொத்தம் 1,184 லேபிள் தப்பு.

ஆகையால் மேக்ரோ பதிவு செய்ய உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கோப்பின் நடுவைப் பாருங்கள். தொடக்கமும் முடிவும் போதாது. பழைய பதிவுகள் எங்கே இருக்கின்றன, வேறு ஆள் அடித்த பகுதி எது என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். எல்லாப் பதிவும் ஒரே வடிவத்தில் இல்லாத கோப்பில் விசையை எண்ணி நகரும் மேக்ரோவை ஓட்டவே கூடாது. இரண்டாவது, 'முடியும் வரை' வேண்டாம். பத்து தடவை, பார், நூறு தடவை, பார், பிறகு ஐநூறு. மூன்றாவது, மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு ஆறு வரி முகவரிகள் இன்னும் ஆறு இருந்திருந்தால் 3,640 என்று கனகச்சிதமாகக் காட்டியிருக்கும், தப்பு அப்படியே உள்ளே இருந்திருக்கும். பின்கோடு வர வேண்டிய பத்தியில் எல்லா வரிசையிலும் ஆறு இலக்க எண் இருக்கிறதா என்று எக்ஸெல்லில் அந்தப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தால் போதும், எண்கள் ஒரு பக்கமும் பெயர்கள் ஒரு பக்கமும் தனியாக வந்து நிற்கும். ஒரு நிமிட வேலை. இதை நான் அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

மூலக் கோப்பு என்னிடம் இல்லை என்று சொன்னேன் அல்லவா. மறுபடி எடுத்துக் கொடுக்க ராணிப்பேட்டைத் தம்பி வர வேண்டும். நான்கு நாள் காத்திருந்தேன். அந்த நான்கு நாளும் ஆசிரியர் வீட்டுத் தொலைபேசிக்குச் சந்தாதாரர்கள் அழைத்துக்கொண்டே இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. 5,460 ரூபாயை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. மறுபடி அனுப்பின இதழ்களின் அச்சுச் செலவிலும் தபால் செலவிலும் என் பங்காக 4,200 ரூபாய் கொடுத்தேன். ஆக 9,660 ரூபாய் நஷ்டம். கையிலிருந்து கொடுத்தது மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம். வீட்டுக்காரரிடம் மூன்றாம் நாள் சொன்னபோது அவர் திட்டவில்லை. "தெரியாததை இருட்டுல செஞ்சிட்ட, இனி தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்" என்றார். அதற்குப் பிறகுதான் அக்கா மகனைக் கூப்பிட்டேன். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "சித்தி, எல்லாம் அஞ்சு வரிதானா? எண்ணிப் பாத்தீங்களா?" எண்ணவில்லை என்றேன். "இதுக்கு மேக்ரோவே வேணாமே" என்று சொல்லிவிட்டு, தேடு-மாற்று பெட்டியைத் திறந்தான். வரிமுறிவைக்கூட, அதாவது என்டர் அழுத்தி வரி முடியும் இடத்தைக்கூட, ஒரு எழுத்தைப் போலத் தேடலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முதலில், அடுத்தடுத்து இரண்டு வரிமுறிவு வரும் இடத்தை எல்லாம், அதாவது வெற்று வரி இருக்கும் இடத்தை எல்லாம், கோப்பில் வேறெங்கும் இல்லாத ஒரு குறியாக மாற்றினான். இரண்டு ஹேஷ் குறி வைத்தோம். பிறகு மீதி இருக்கும் வரிமுறிவை எல்லாம் டேப்பாக மாற்றினான். கடைசியில் அந்த ஹேஷ் குறியை எல்லாம் வரிமுறிவாகத் திருப்பினான். மூன்றே மாற்றம். நான்கு வரியோ ஆறு வரியோ, ஒவ்வொருவரும் தனித்தனி வரிசையில் வந்து நின்றார்கள், ஒருவர் பெயர் இன்னொருவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. எக்ஸெல்லில் போட்டதும் கோணலாக இருந்த 116 பேர் பத்தி கூடியும் குறைந்தும் தெளிவாகத் தெரிந்தார்கள். அவர்களை மட்டும் நானே கையால் சரி செய்தேன். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

என் மேக்ரோவையும் அவன் பார்க்கச் சொன்னான். ஒரு நகலில் ஓட்டிக் காட்டினேன், அங்கே இன்னொரு பள்ளம் இருந்தது. கண்ணுக்குச் சிரமமாக இருக்கிறது என்று நான் எழுத்தைப் பெரிதாக்கி, வரி மடிப்பையும் போட்டு வைத்திருந்தேன், நீளமான வரி திரைக்கு வெளியே போகாமல் அடுத்த வரிபோல மடிந்து தெரியும். அந்த நிலையில் நோட்பேட்++இல் எண்ட் விசை உண்மையான வரியின் கடைசிக்குப் போகாது, திரையில் மடிந்த இடத்திலேயே நின்றுவிடும். அங்கே டெலீட் விழுந்தால் வரியைச் சேர்க்காமல் நடுவில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு டேப்பை வைக்கும். நீளமான தெருப் பெயர் உள்ள இரண்டு பேருக்கு அப்படி நடந்தது என் கண்முன்னே. ஜன்னலைச் சிறிதாக்கினால் ஒரு பலன், பெரிதாக்கினால் வேறு பலன். மேக்ரோ தொடும் முன் வரி மடிப்பை நிறுத்துவதை இன்றுவரை மறந்ததில்லை.

சரி, இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதம் ஆசிரியர் லேபிளில் மாவட்டப் பெயரும் வேண்டும் என்றார். எங்கள் பக்கத்து மாவட்டக் கதை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிக்கல் என்று புரியும். பழைய முகவரிகளில் வட்டத்துக்குப் பக்கத்தில் 'வ.ஆ.மா.' என்று இருந்தது, வட ஆற்காடு மாவட்டம். அது 1989இல் இரண்டானது, திருவண்ணாமலை தனியாகப் போனது. இந்தப் பக்கம் நின்றது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று இருந்து பிறகு வேலூர் மாவட்டமானது. 2019 நவம்பர் 28இல் அதுவும் மூன்றாகி, ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நான் பின்கோட்டை வைத்து மேக்ரோ பதிவு செய்தேன். 635 என்று தேடு, வரியின் கடைசிக்குப் போ, 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று ஒட்டு. வாணியம்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை எல்லாம் 635இல் தொடங்குவதால் வந்த யோசனை. 632 எல்லாம் வேலூர் அல்லது ராணிப்பேட்டை, அதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இந்தத் தடவை நகலில்தான் ஓட்டினேன், நூறு நூறாகத்தான் ஓட்டினேன். ஆனாலும் மூன்று விதத்தில் தவறியது. தேடலில் கடைசிக்குப் போனதும் மறுபடி மேலிருந்து தொடங்கு என்ற டிக் போட்டிருந்தது, அதனால் கீழே முடிந்ததும் மேலே வந்து முதல் நாற்பது பேருக்கு இரண்டாம் தடவையும் 'திருப்பத்தூர் மாவட்டம்' ஒட்டிவிட்டது. செல்போன் எண்ணுக்குள் 635 இருந்தவர்களுக்கும் ஒட்டியது. இவை இரண்டையும் நானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். மூன்றாவதை நான் பார்க்கவில்லை. பேரணாம்பட்டின் பின்கோடு 635810. ஆனால் பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் வாசகர் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்து, "எங்க ஊரை எப்பங்க திருப்பத்தூரோட சேத்தாங்க?" என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறார். தபால் பின்கோட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது, அது வேறு விஷயம். தன் ஊரை இடம் மாற்றி எழுதினால் யாருக்கும் வலிக்கும், அந்தக் கேள்வி எனக்கும் வலித்தது. அதே நினைப்பில் 632ஐ எடுத்துப் பார்த்தபோது ஆரணி கண்ணில் பட்டது. 632301, ஆனால் திருவண்ணாமலை மாவட்டம். நல்ல வேளை, அது போகும் முன் தடுத்துவிட்டேன். பிறகு பின்கோட்டை விட்டுவிட்டு வட்டத்தை வைத்துச் செய்தேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் இவை வேலூருக்கு. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி ராணிப்பேட்டைக்கு. வட்டப் பத்தியை அடுக்கிவிட்டு இழுத்து நிரப்பினேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. மேக்ரோ விசையைத் திருப்பி அழுத்தும், அவ்வளவுதான். பேரணாம்பட்டு எந்த மாவட்டம் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. எழுத்தை எண்ணி நகரும் மேக்ரோவைத் தமிழ்க் கோப்பில் நம்பாதீர்கள். 'கி' என்பது நமக்கு ஒரே எழுத்து, யூனிகோடுக்குள் அது ககரமும் இகரக் குறியுமாக இரண்டு. பேக்ஸ்பேஸ் ஒரு தடவை அழுத்தினால் 'க' மிச்சம் நிற்கும். மூன்று எழுத்து அழி என்று ஆங்கிலப் பெயரில் பதிவு செய்ததைத் தமிழ்ப் பெயரில் ஓட்டினால் பாதி எழுத்து தொங்கும். வரியின் தொடக்கம், கடைசி, டேப், சொல் சொல்லாகத் தாவுவது, இவற்றை வைத்தே நகருங்கள். மேக்ரோவுக்குள் தமிழில் ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் அதை முன்கூட்டியே காப்பி செய்து வைத்துக்கொண்டு, பதிவின்போது பேஸ்ட் மட்டும் செய்கிறேன். தமிழ் உள்ளீட்டு மென்பொருள் பின்னணியில் என்னென்ன விசை அனுப்புகிறது என்று நமக்குத் தெரியாது. மவுஸைத் தொடவே கூடாது. நோட்பேட்++ மவுஸ் கிளிக்கைப் பதிவு செய்வதில்லை, பதிவின் நடுவில் மவுஸால் வேறு இடத்துக்குப் போனால் ஓட்டும்போது அந்த நகர்வு மட்டும் காணாமல் போய், மீதி எல்லாம் தப்பான இடத்தில் நடக்கும்.

அக்கா மகன் அவன் லேப்டாப்பில் விம் என்ற எடிட்டரைக் காட்டினான். அதில் கியூ அழுத்தி ஒரு எழுத்தைச் சொன்னால் அந்த எழுத்தின் பெயரில் பதிவு தொடங்கும், மறுபடி கியூ அழுத்தினால் முடியும். எண்ணைச் சொல்லி @ குறியோடு அந்த எழுத்தை அழுத்தினால் அத்தனை தடவை ஓடும். எனக்குப் பிடித்தது அது இல்லை. நடுவில் ஒரு தேடல் கிடைக்காமல் போனாலோ, நகர வேண்டிய இடம் இல்லாமல் போனாலோ விம் அந்த இடத்திலேயே மொத்த ஓட்டத்தையும் நிறுத்திவிடும். "அடுத்த பின்கோட்டைத் தேடு" என்று பதிவில் ஒரு படி வைத்தால், கிடைக்காத இடத்தில் நின்று நமக்குக் காட்டும். நான் விம்முக்கு மாறவில்லை, விரல் பழக்கம் வேறு. மாதா மாதம் இதே வேலையாக இருப்பவர்கள் கற்றுக்கொள்ளலாம் என்று மனதாரச் சொல்வேன். இந்த மேக்ரோ விஷயம் புதிதும் இல்லையாம். 1976இல் தொடங்கிய ஈமேக்ஸ் என்ற எடிட்டரின் பெயரே 'எடிட்டிங் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம் என்றான்.

இத்தனைக்குப் பிறகும் நான் மேக்ரோவை விடவில்லை. ஒவ்வொரு மாதமும் நாற்பது ஐம்பது புதுச் சந்தாதாரர்கள் வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்புகிறார்கள். அதை ஒட்டி, முதலில் எல்லாவற்றையும் கையால் ஐந்து வரியாக ஒழுங்கு செய்துவிடுகிறேன், வட்டம் இல்லையென்றால் ஒரு கோடு போட்டு இடத்தை நிரப்புகிறேன். பிறகு அந்தப் பழைய பதினாறு விசை மேக்ரோ, எண்ணிக்கை கொடுத்து. ஐந்து நிமிடம். ஆசிரியர் பாதியில் வேறு யாரிடமும் வேலையை மாற்றவில்லை, அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆரணி நெசவாளருக்கு ஜூன் இதழை நானே கவரில் போட்டு, மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி அனுப்பினேன்.

கடைசியாக ஒன்று, இதுவும் பட்டுத் தெரிந்ததுதான். பதிவு செய்த மேக்ரோ அப்போதைக்குத்தான் இருக்கும், அடுத்ததைப் பதிவு செய்தால் முந்தையது போய்விடும். மெனுவில் பெயர் கொடுத்துச் சேமித்தால்தான் நிலைக்கும். அப்படிச் சேமித்து வைத்திருந்த ஏழு மேக்ரோவும் போன வருடம் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தபோது போய்விட்டன. அவை நம் கோப்புகளோடு இருப்பதில்லை. விண்டோஸில் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள், ரோமிங், அதற்குள் நோட்பேட்++, அதற்குள் 'ஷார்ட்கட்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கின்றன. எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயரிலேயே விவரம் வைத்தேன், 'ஐந்து வரி மட்டும், மடிப்பு நிறுத்திய பின்' என்று. அந்தக் கோப்பின் நகல் ஒரு பென்டிரைவில், என் டைப்ரைட்டிங் சான்றிதழ்கள் இருக்கும் அதே பையில் இருக்கிறது.